மெதுப்பாட்டு தலைவனுக்கு

பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். அது சாதாரண மனிதர்களுக்கு. சாக்சபோன்காரனுக்குப் பல்லு போனால் பாட்டே போச்சு. வென்டெல் கேட்ஸ்டனுக்கு அறுபத்தெட்டாவது வயதில், தன் பெயரில் முதல் இசைத்தட்டு பதிவாகப் போகிற அதே மாதத்தில், மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஆடத் தொடங்கின. விதிக்குச் சில பேரைப் பிடித்துவிட்டால் விடவே விடாது. பிலடெல்பியா ஊரில் வேறு வாயே கிடைக்காத மாதிரி இந்த வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த வாத்தியத்தில் வாய்க்குள் வைக்கிற மவுத்பீஸ் மேல்பல்லில்தான் முட்டுக்கொடுத்து நிற்கும். கீழுதடு மெத்தை, மேல்பல் உத்தரம். உத்தரம் ஆடினால் சுருதியும் ஆடும். நீளமாகப் பிடிக்கிற சுரமெல்லாம் நடுவழியில் தொய்ந்து கீழே இறங்கியது. ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. காலையில் வறுத்த இறைச்சியைத் தொடுவதையே விட்டுவிட்டு, சோளக் கஞ்சியில் வெண்ணெய் போட்டு உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"எலும்பு வரைக்கும் போயிருக்கு, மிஸ்டர் கேட்ஸ்டன்," என்றார் பல் டாக்டர். "இன்னிக்கே எடுத்துடலாம். முன்னாடி ரெண்டு, பக்கத்துல ரெண்டு."

"எடுத்தா மறுபடி எப்ப ஊதலாம்?"

"பொய்ப்பல் வெச்சுக்கலாம். சில பேரு பழகிக்கிறாங்க."

"என் வயசுல?"

டாக்டர் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டு மூடினார். நல்ல மனிதர், பொய் சொல்ல வரவில்லை. வென்டெலுக்குப் புரிந்துவிட்டது. பல் போகிற அன்று தன் கதையும் முடிந்தது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துடறேன் டாக்டர். வியாழனும் வெள்ளியும் ரெக்கார்டிங். அதுவரைக்கும் விடுங்க."

"சீழ் ரத்தத்துல கலந்தா உயிருக்கே ஆபத்து."

"வெள்ளிக்கிழமை," என்று கையெடுத்துக் கேட்டார் வென்டெல். கடன்காரனிடம்கூட அப்படிக் கெஞ்சியிருக்க மாட்டார்.

இந்தத் தவிப்பு ஏன் என்று தெரிய வேண்டுமானால் அந்தத் தொழிலில் உள்ள ஒரு வழக்கம் தெரிய வேண்டும். வேகப்பாட்டு எல்லாருக்கும் பொது, ஆளுக்கொரு சுற்று வாசிக்கலாம். மெதுப்பாட்டு மட்டும் தலைவனுக்கு. யார் பெயர் வாசலில் எழுதியிருக்கிறதோ அவன் ஒருவன்தான் அதை ஊதுவான். பக்கவாத்தியமாக வந்த மற்ற சாக்சபோன்காரன் வாத்தியத்தைக் கழுத்தில் தொங்கவிட்டு, கையைக் கட்டி, தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சபை தலைவனைப் பார்த்து உருகும். அழுகிற பெண்கள்கூட உண்டு. நீ தரையைப் பார்க்க வேண்டும்.

வென்டெல் நாற்பது வருஷம் தரையைப் பார்த்தவர்.

தெற்குக் கரோலினாவிலிருந்து அப்பா சர்க்கரை ஆலை வேலைக்கு வடக்கே வந்தபோது வென்டெலுக்கு ஏழு வயது. பதினெட்டு வயதில் ரிட்ஜ் அவென்யூ மதுக்கடைகளில் வாசிக்க ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் அங்கே சாக்சபோன்காரன் கவுண்டர் மேல் ஏறி, கோப்பைகளுக்கு நடுவே நடந்துகொண்டே கத்தி ஊத வேண்டும். குடித்தவன் கால்சட்டையைப் பிடித்து இழுப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். பல் கடிக்கக் கிடைத்த காலம் அது. பகலில் கடற்படைத் துறைமுகத்தில் வண்ணம் அடித்தார், ராத்திரியில் ஊதினார். முப்பதுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளில் அவர் மூச்சு இருக்கிறது. எல்லாவற்றிலும் பெயர் உறையின் பின்பக்கம், பொடி எழுத்தில். ஒன்றில் அதையும் தப்பாகப் போட்டிருந்தார்கள். "பரவாயில்லடா, தப்பா ஊதினது நீ இல்லன்னு ஆயிடுச்சு" என்று டிரம்ஸ்காரர் ஜூனியஸ் ஆறுதல் சொன்னார். ஜூனியஸின் ஆறுதல் எல்லாம் இந்த ரகம்தான்.

கடைசியில் சோபெல் என்ற மனிதர் வந்தார். வீட்டிலேயே சின்னதாக இசைத்தட்டுக் கம்பெனி நடத்துகிறவர். ஜெர்மன்டவுனில் ஒரு மதுக்கடையில் வென்டெல் ஊதுவதைக் கேட்டுவிட்டு, ஊருக்கே தெரிந்த பழைய பாட்டாக எட்டு வாசித்துத் தாருங்கள், உங்கள் பெயரில் போடுகிறேன் என்றார். "ஒரு மெதுப்பாட்டு நான் வாசிக்கணும்" என்றார் வென்டெல். "உங்க தட்டுதானே, மூணு வாசிங்க" என்றார் சோபெல். "ஒண்ணு போதும்."

எந்தப் பாட்டு என்று அப்போதே முடிவாகியிருந்தது. ஒருவன் வெகுநாள் கழித்து வீட்டுக்குத் திரும்புகிறான், ஜன்னலில் விளக்கு இல்லை, கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று வாசலில் நிற்கிறான். அந்தப் பாட்டு. அதை எத்தனையோ தலைவர்கள் ஊத, பக்கத்தில் நின்று கேட்டவர் அவர். வீட்டில் நிலவறையில், வெந்நீர்க் கொதிகலன் பக்கத்தில் உட்கார்ந்து தனக்கென்று மட்டும் ஊதிப் பார்ப்பார். மாடியில் மனைவி ஒடெஸ்ஸா ரேடியோவில் பிரசங்கத்தைச் சத்தமாக வைப்பாள்.

ஒடெஸ்ஸாவைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. இருவரும் சந்தித்ததே ஒரு நடன அரங்கில்தான், அவள் ஆடின ஆட்டத்துக்கு அன்று தரை தேய்ந்தது. பிறகு மகனுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து மூளைக்கு ஏறியது. அந்த ராத்திரி வென்டெல் அட்லாண்டிக் சிட்டியில் கவுண்டர் மேல் நடந்துகொண்டிருந்தார். தகவல் போனது, ஆள் வரவில்லை. முதலாளி தகவலைச் சொல்லவில்லை என்பது அவர் கட்சி. ஒடெஸ்ஸா தனியாக முழங்காலில் நின்று, பிள்ளையைக் கொடு, சாராயம் விற்கிற இடத்தில் இனி கால் வைக்க மாட்டேன், அங்கே வாசிக்கிற பாட்டைக் காதால் கேட்க மாட்டேன் என்று கர்த்தரிடம் சொன்னாள். பிள்ளை பிழைத்தான், இன்று பால்டிமோரில் பஸ் ஓட்டுகிறான். அவள் வாக்குத் தவறவில்லை. மேசை நாற்காலிக் கடையாக இருந்து சபையாக மாறிய கட்டடத்தில், மூத்த பெண்களுக்கென்று முன்னால் போட்ட தாய்மார் வரிசையில், வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தொப்பியுமாக அவள் உட்கார்ந்தால் பாஸ்டரே ஒரு தரம் தொண்டையைச் செருமிக்கொள்வார். ஊருக்கு அவள் மதர் கேட்ஸ்டன். வென்டெல் அவளுக்கு வென்டெல்; கோபம் வந்தால் மட்டும் மிஸ்டர் கேட்ஸ்டன். மரியாதை கூடக்கூட அடி பலமாக விழும்.

பழைய தொப்பித் தொழிற்சாலை ஒன்றின் மாடியில்தான் ஒலிப்பதிவுக்கூடம். தனித்தனி அறைக்கு வசதியில்லை, மூன்று பேரும் ஒரே அறையில், ஒரே டேப்பில். ஒருத்தன் தும்மினால் எல்லார் வாத்தியத்திலும் தும்மல் ஏறும். வியாழக்கிழமை வேகப்பாட்டுகளை முடித்தார்கள். வேகப்பாட்டில் சுரம் குட்டையாக இருக்கும், ஆடுகிற பல்லை வைத்துக்கொண்டு எப்படியோ ஓட்டிவிடலாம். கீழுதடு வெட்டுப்படாமலிருக்கக் கீழ்ப்பல்லில் சிகரெட் தாளை மடித்து வைத்தார். இடைவேளையில் கிராம்புத் தைலத்தை விரலால் தடவிக்கொண்டார். வெள்ளி காலையில் இன்னும் இரண்டு பாட்டு. பிறகு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"இனிப்பைக் கடைசிக்கு வெச்சிருக்கியா?" என்றார் ஜூனியஸ்.

வென்டெல் சிரிக்கவில்லை. பயந்துபோய்த்தான் தள்ளிக்கொண்டே வந்திருந்தார்.

பியானோ வாசிக்கிற பெர்சிக்கு முந்தின நாளே தெரியும். முப்பது வருஷம் கூட வாசித்தவர், சுருதி எந்தப் பக்கம் சாய்ந்தால் எந்தப் பல் வலிக்கிறது என்று சொல்லக்கூடியவர்.

மதியத்துக்கு மேல் ஒடெஸ்ஸா பியூக் காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள், டாக்டரிடம் அழைத்துப் போக. உள்ளே வர மாட்டேன் என்று ஜனவரிக் குளிரில் காரிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிகரெட் வாங்கப் போன ஜூனியஸ் கண்ணில் பட்டாள்.

"மதர், இங்க இருந்தா உறைஞ்சு போயிடுவீங்க."

"சாத்தான் வீட்டு வாசல்ல உறைஞ்சாலும் பரவால்ல, உள்ள வர மாட்டேன்."

"சாத்தான் வீட்ல ஹீட்டர் பிரமாதமா இருக்கும்னு நீங்கதானே சொல்வீங்க. வாங்க. மேல ஒரு சொட்டு சாராயம் இல்ல, நானே தேடிப் பாத்துட்டேன்."

சாராயம் விற்காத இடம் என்பதால் முதல் வாக்குக்குப் பழுதில்லை. காதுக்கு என்ன செய்ய? தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். சோபெல் உட்கார்ந்து பதிவு செய்கிற கண்ணாடி அறையில் சுருட்டுப் புகை, அவளுக்கோ இளைப்பு. அதனால் வாத்திய அறைக்குள்ளேயே, கதவோரம் ஒரு மடக்கு நாற்காலி போட்டார்கள். கோட்டைக் கழற்றவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சிவப்பு விளக்கு எரியறப்ப இருமக்கூடக் கூடாது மேடம்," என்றார் சோபெல்.

"சபையில உக்காரத் தெரிஞ்சவதான் நான்," என்றாள் ஒடெஸ்ஸா.

விளக்கு எரிந்தது. பெர்சி நாலு கட்டைகளில் வீட்டு வாசலைக் காட்டினார். வென்டெல் உள்ளே வந்தார். முதல் வரி நன்றாகப் போயிற்று. இரண்டாம் வரியில் நீளச் சுரம் தொய்ந்தது, பியானோ ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். கையைத் தூக்கி நிறுத்தினார்.

மறுபடி விளக்கு. இந்த முறை பாட்டின் நடுப்பகுதிக்கு ஏறும்போது பல் நழுவி வாத்தியம் கிறீச்சென்றது.

"பூனையை மிதிச்சிட்டியா?" என்றார் ஜூனியஸ். யாரும் சிரிக்கவில்லை என்றதும் டிரம்ஸை வருடுகிற கம்பிப் பிரஷ்ஷால் தன் முட்டியையே தட்டிக்கொண்டார்.

மூன்றாம் முறை பாதியில் வாய்க்குள் உப்புக் கரித்தது. கைக்குட்டையில் துப்பினார், சிவப்பு. இதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நெற்றி கொதித்தது. பல்லா, காய்ச்சலா, பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

சோபெல் வெளியே வந்தார். கெட்டவர் இல்லை. அதனாலேயே அவர் சொன்னது அதிகமாக வலித்தது.

"வென்டெல், உடம்பு முடியலன்னா விடுங்க. ஏழு பாட்டு நல்லா வந்திருக்கு. இதைப் பெர்சி பியானோவுல வாசிக்கட்டும். நீங்க கொஞ்சம் உக்காருங்க."

தன் பெயர் போட்ட தட்டிலும் மெதுப்பாட்டு வேறொருவனுக்கு. தான் கையைக் கட்டி நிற்க வேண்டும். வென்டெலுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. அப்படி நினைத்ததை அவர் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை.

"நான் வாசிக்க மாட்டேன்," என்றார் பெர்சி பியானோவைப் பார்த்தபடி. "அது அவன் பாட்டு."

"இன்னும் ஒரே ஒரு தரம்," என்றார் வென்டெல்.

மேலுதட்டையும் மடித்துப் பல்லுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே கொடுத்தார். வெகு பழைய ஆட்கள் சிலர் அப்படி ஊதுவதுண்டு. பழகாத உதட்டுக்கு அது கத்தி. பல் ஆட ஆட உதடுதான் அறுபடும். ஆனால் உத்தரத்துக்கும் இப்போது ஒரு மெத்தை கிடைத்தது.

விளக்கு எரிந்தது. வந்தது சின்னச் சத்தம். கவுண்டர் மேல் நடந்தவனின் சத்தமே இல்லை அது, பாதி காற்றும் பாதி குரலுமாக, கதவுக்கு வெளியே நின்று உள்ளே தூங்குகிறவளைக் கூப்பிடலாமா என்று கேட்கிற குரல். சுரத்தை நீளமாகப் பிடிக்கத் தெம்பில்லை. அதனால் வரியைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு நிறுத்தி, பேசுகிற மாதிரி ஊதினார். ஜூனியஸ் பிரஷ்ஷைத் தோலில் வெறுமனே தடவினார். நடுப்பகுதி வந்தது. வலி மண்டைக்குள் ஏறியது. அதையும் தாண்டி ஒரு வரி வந்தது, நான் வந்துவிட்டேன், தாமதமாகத்தான் வந்தேன், ஆனால் வந்துவிட்டேன் என்கிற மாதிரி. மூச்சுக்காக அங்கே நிறுத்தினார்.

அந்த நிசப்தத்துக்குள் கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"சொல்லுய்யா! சொல்லு!"

அந்தச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும். பிரசங்கி ஒரு உண்மையைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினால், அந்த இடைவெளி சபைக்குச் சொந்தம். வாய் தன்னால் திறக்கும். அது மூளைக்குப் போய் அனுமதி வாங்கிக்கொண்டு வருகிற காரியம் இல்லை. ஒடெஸ்ஸா நாற்பது வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அப்படிச் சொன்னவள். இன்று சாக்சபோனுக்குச் சொல்லிவிட்டாள்.

வென்டெல் நிறுத்தவில்லை. சொன்னார். மிச்சமிருந்த அத்தனையையும் சொன்னார். கடைசிச் சுரம் அடங்கி, தாளத்தட்டின் ரீங்காரமும் அடங்கி, விளக்கு அணைகிற வரைக்கும் ஒருத்தரும் அசையவில்லை.

அதன் பிறகுதான் ஒடெஸ்ஸா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நானா சொன்னேன்?"

"அடுத்த தெருவரைக்கும் கேட்டிருக்கும் மதர்," என்றார் ஜூனியஸ். அவர் கண் கலங்கியிருந்தது.

சோபெல் கண்ணாடி அறையிலிருந்து தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "பிரமாதம். ஆனா குரல் எல்லா மைக்லயும் ஏறியிருக்கு. தனியா எடுக்க வழியே இல்ல. நான் அப்படியே போடத் தயார். உங்களுக்குச் சம்மதமா மேடம்?"

"போடறதா?" ஒடெஸ்ஸா எழுந்துவிட்டாள். "மதுக்கடைப் பாட்டுல என் குரலா? சிஸ்டர் பிங்க்னி ஒரு பிறந்தநாள் விருந்துல இந்த மாதிரிப் பாட்டு ரெண்டு வரி பாடினதுக்கே பாஸ்டர் அவளைக் கொயர்லேருந்து எடுத்துட்டாரு. நான் தாய்மார் வரிசைல உக்கார்றவ. கர்த்தர்கிட்ட வாக்குக் குடுத்தவ. அழிச்சிடுங்க."

"மதர், இது மாதிரி ஒரு டேக் நான் வாசிச்சதே..." என்று பெர்சி ஆரம்பித்தார்.

"பெர்சி, விடு," என்றார் வென்டெல். வாயோரம் ரத்தம் வடிந்தது. "அவ குரல். அவ வேண்டாம்னா வேண்டாம். விளக்கைப் போடுங்க."

மனைவியிடம் கெஞ்ச அவருக்கு வாய் வரவில்லை. காய்ச்சல் ராத்திரியில் வராதவன் எதைச் சொல்லிக் கெஞ்சுவது? அந்த ஒரு கணக்கு அவர்களுக்குள் தீராமலே இருந்தது. அவர் வாத்தியத்தை எடுத்தார், உதட்டை மடித்தார். பெர்சி வாசலைக் காட்டினார். வென்டெல் முதல் சுரத்தைப் பிடித்தபோது பல் கழன்று நாக்கில் விழுந்தது.

கைக்குட்டையில் துப்பி, மடித்து, பையில் வைத்துக்கொண்டார். "இன்னொரு தரம்."

ஓட்டையில் மவுத்பீஸ் நிற்கவில்லை. பக்கத்துப் பல்லில் கோணலாக வைத்தார். கெட்டிலில் ஆவி போகிற சத்தம் வந்தது.

"இன்னொரு தரம்."

காற்றுத்தான் வந்தது.

"இன்னொரு தரம்."

சோபெல் விளக்கைப் போடுவதையே நிறுத்திவிட்டார். ஜூனியஸ் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். பெர்சி கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டார். அது வென்டெலுக்குத் தெரியவில்லை. தாளமும் இல்லாமல் பியானோவும் இல்லாமல், தனியாக நின்று, வராத சுரத்தை ஊதிக்கொண்டே இருந்தார். ரத்தம் முகவாயிலிருந்து சட்டையில் சொட்டியது. மற்றவர்களால் பார்க்க முடியவில்லை. ஒடெஸ்ஸா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும் வென்டெல்."

முடியாது என்று அவர் தலையை ஆட்டினார்.

"போதும்னு சொல்றேன்ல!"

"நாப்பது வருஷம், ஒடெஸ்ஸா." சொற்கள் ஓட்டை வழியாகச் சீழ்க்கையாக வந்தன. "கையைக் கட்டிட்டு நின்னேன். தரையைப் பாத்துட்டு நின்னேன். ஒரே ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டு கேட்டேன்." அதற்கு மேல் முடியாமல், அத்தனை பேர் முன்னால், பச்சைப் பிள்ளை மாதிரி அழுதார்.

ஒடெஸ்ஸா நடந்து வந்து அவர் முன்னால் நின்றாள். பையிலிருந்து சபைக்குக் கொண்டுபோகிற வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து முகவாயில் அழுத்தினாள்.

"இதைத்தான் கீழ உக்காந்து ஊதிட்டிருந்தியா?"

அவர் தலையசைத்தார்.

"மேல வந்து ஊதியிருக்கலாம்ல?"

"நீ ரேடியோ வெச்சிருந்தே."

ஒடெஸ்ஸா கைக்குட்டையைத் திருப்பி மடித்து, சுத்தமான பக்கத்தால் மறுபடி அழுத்தினாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"மிஸ்டர் சோபெல், அந்த டேப்பை அழிச்சிட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப இருக்கட்டும். போடுங்க."

"நிச்சயமாவா? பின்னாடி பேர் போடணும். குரல், ஓ. கேட்ஸ்டன்னு சின்னதா போட்டுடறேன். யாருக்கும் தெரியாது."

"என்னத்துக்குச் சின்னதா? மதர் ஒடெஸ்ஸா கேட்ஸ்டன்னு முழுசா போடுங்க. கர்த்தருக்கு ஏற்கெனவே தெரிஞ்சுபோச்சு, இனி யாருக்கு ஒளிக்கிறது? சபையில தள்ளி வெக்கிறதா இருந்தா, யாரைத் தள்ளறோம்னு தெரிஞ்சு தள்ளட்டும்."

வென்டெல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "வாயை மூடு, ரத்தம் நிக்கட்டும்" என்றாள். அவர் உட்கார்ந்து வாத்தியத்தைப் பிரித்தார். சீவாளியைக் கழற்றித் துடைத்து, மறுநாளைக்குக் காய வைக்கிற உறையில் வழக்கம்போலச் செருகினார். செருகிய பிறகு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உருவி எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, மனைவியோடு டாக்டரிடம் போனார்.

பொய்ப்பல் வந்தது. ஒரு வருஷம் முயன்றார். சத்தம் வந்தது, அவருடைய சத்தம் வரவில்லை. வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து மூடினார். அதற்குப் பிறகு அவர் மதியம் வரை படுக்கையிலேயே கிடந்த நாட்கள் உண்டு. சனிக்கிழமை ராத்திரிகள் கொடுமையாக இருந்தன. பெர்சி தொலைபேசியில் கூப்பிட்டால், தூங்குகிறார் என்று சொல்லச் சொன்னார்.

தட்டு வெளிவந்து பாஸ்டர் காது வரைக்கும் போக நாளானது. வென்டெல் இன்னும் படுக்கையில் கிடந்த ஒரு காலையில் பாஸ்டர் நேரில் வந்து, சில காலத்துக்கு மதர் கேட்ஸ்டன் கடைசி வரிசையில் உட்காருவது நல்லது என்று பணிவாகச் சொன்னார். பணிவாகத்தான், ஒடெஸ்ஸாவிடம் வேறு எப்படிச் சொல்வது? அவள் வென்டெலிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு போனாள், வந்தாள். விஷயத்தை ஜூனியஸ்தான் வந்து சொன்னார். பின்பெஞ்சில், குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே போகிறவர்களுக்கு நடுவில், அவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாளாம்.

அடுத்த ஞாயிறு வென்டெல் எழுந்து முகம் மழித்தார். மேடைக்குப் போடுகிற கறுப்பு சூட்டைப் போட்டுக்கொண்டார். சபையில் பாட்டு பாதி நடக்கும்போது உள்ளே நுழைந்தார். வாசலில் நின்ற பெண், "முன்னாடி இடம் இருக்கு பிரதர்" என்று கையைக் காட்டினாள். அவர் கடைசி வரிசைக்குப் போனார்.

ஒடெஸ்ஸா பார்த்தாள். பக்கத்திலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பல்லை மாட்டிட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள் மெதுவாக.

"வலிக்குது."

"சரி. வாயை மூடிக்கிட்டு உக்காரு."

அவர் உட்கார்ந்தார்.